5 சென்டிமீட்டர் தடிமன்: பெரிய ஸ்டேக்கைக் கரி அடுப்பில் சுடும் முறை

பெரிய ஸ்டேக்கை, அதாவது தடித்த மாட்டிறைச்சித் துண்டை, முதல் தடவை கரியில் போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கெட்டுப்போகிறது. கரி செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருக்கும். இறைச்சியை நேராக அதன்மேல் போடுவார்கள். கொழுப்பு சொட்டும், சுவாலை எழும்பும், ஐந்தாறு நிமிடத்தில் வெளிப்புறம் கருகிவிடும். வெட்டிப் பார்த்தால் நடுவில் ஃபிரிட்ஜின் சில்லிப்பு அப்படியே இருக்கும். மறுபடியும் போட்டு எடுத்தால் வெளியே கரி, அதற்குக் கீழே வறண்டு சாம்பல் பூத்த ஒரு பட்டை, நடுவில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு.

இதில் இறைச்சியின் குற்றம் எதுவும் இல்லை. இறைச்சிக்குள் வெப்பம் மிக மெதுவாகத்தான் நகரும். தடிமன் இரு மடங்கானால் நடுப்பகுதி சூடேற இரு மடங்கைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். 2 செ.மீ. துண்டை நேராகத் தணலில் போட்டு இரண்டு பக்கமும் வாட்டி எடுத்தால் போதும். 5 செ.மீ. துண்டுக்கு அது ஒத்துவராது. உள்ளே வேகவைப்பது ஒரு வேலை, வெளியே முறுக விடுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நெருப்பில் ஒரே நேரத்தில் செய்யப் போகாதீர்கள். முதலில் தணலை விட்டுத் தள்ளி வைத்து, மூடி போட்டு மெதுவாக உள்ளே சூடேற்றுங்கள். கடைசி மூன்று நான்கு நிமிடம் மட்டும் கடும் தணலுக்கு மேல் கொண்டுவாருங்கள். வழக்கமாக முதலில் செய்யும் வாட்டல் இதில் கடைசிக்குப் போய்விடுவதால் இதை ‘ரிவர்ஸ் சியர்’ என்கிறார்கள்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் 57 செ.மீ. விட்டமுள்ள, மூடி போட்ட உருண்டைக் கரி அடுப்புக்கும், எலும்போடு 1.2 கிலோ எடையுள்ள ஒரு ரிப்-ஐ துண்டுக்குமானவை. எலும்பு போக மூன்று பேர் தாராளமாகச் சாப்பிடலாம். வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்.

கடையில் என்ன கேட்பது

பெரிய ஸ்டேக்குக்கு மிகப் பொருத்தமானது விலாப் பகுதி, அதாவது ரிப்-ஐ. தசைக்குள்ளேயே கொழுப்பு இழை இழையாக ஓடுவதால் கொஞ்சம் கைதவறி வெந்துவிட்டாலும் சக்கையாகாது. விலா எலும்பை நீளமாக விட்டு வெட்டினால் அதற்குப் பெயர் டோமஹாக். பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் அந்த நீள எலும்பின் எடைக்கும் இறைச்சி விலைதான் கொடுக்கிறீர்கள், அது மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு மூடியைச் சரியாகப் பொருந்தவும் விடாது. முதல் தடவைக்குக் குட்டை எலும்போடு வாங்குவதே நல்லது.

டி-போன், போர்ட்டர்ஹவுஸ் என்னும் வெட்டுகள் இரண்டிலும் எலும்பின் ஒரு பக்கம் ஸ்ட்ரிப் எனும் முதுகுத் தசை, மறுபக்கம் டெண்டர்லாயின் எனும் மென்மையான உள்தசை. டெண்டர்லாயினில் கொழுப்பு குறைவு, அது சீக்கிரம் வெந்துவிடும். ஒரே துண்டில் இரண்டு வேகம் என்பதால் கொஞ்சம் பழகிய பிறகு எடுங்கள். எடுக்கும்போது டெண்டர்லாயின் பக்கம் தணலை விட்டு விலகி இருக்கும்படி வைக்க வேண்டும்.

பெயர்க் குழப்பம் பலரை ஏமாற்றிவிடுகிறது. லண்டனில் சர்லாயின் என்று கேட்டால் கிடைப்பது, டொராண்டோவிலும் நியூயார்க்கிலும் ஸ்ட்ரிப் லாயின் என்று விற்கப்படும் துண்டு. வட அமெரிக்காவில் சர்லாயின் என்று எழுதியிருப்பது, பிரிட்டனில் ரம்ப் என்று விற்கும் பகுதிக்கு நெருக்கமானது, சற்றுக் கடினமானது. ஆஸ்திரேலியாவில் எலும்பில்லாத ரிப்-ஐக்குப் பெயர் ஸ்காட்ச் ஃபில்லெட். அங்கே போர்ட்டர்ஹவுஸ் என்று கேட்டால் பல கடைகளில் எலும்பே இல்லாத ஸ்ட்ரிப் வரும். ஒரு நாட்டுக் குறிப்பை வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டுக் கடைக்குப் போகிறவர்கள் பெயரை விட்டுவிட்டு, ‘விலாப் பகுதி, எலும்போடு, 5 செ.மீ. தடிமன்’ என்று கேளுங்கள். கடைக்காரர் வெட்டுவதற்கு முன்பே தடிமனை விரலால் காட்டிவிடுங்கள். கண்ணாடிப் பெட்டியில் ஏற்கெனவே வெட்டி வைத்திருப்பவை பெரும்பாலும் 2 முதல் 3 செ.மீ. தான்.

தரக் குறியீட்டில் அமெரிக்காவில் சாய்ஸ் அல்லது பிரைம், கனடாவில் ஏஏஏ அல்லது பிரைம் என்று பாருங்கள். இந்தக் குறியீடுகள் முக்கியமாகக் கொழுப்பு இழையின் அளவைச் சொல்கின்றன.

உறையில் ‘இயந்திரத்தால் மென்மையாக்கப்பட்டது’ என்ற பொருளில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் கட்டாயம் பாருங்கள். ஊசிகளாலோ கத்திகளாலோ குத்தி மென்மையாக்கிய இறைச்சி அது. முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், வாட்டும்போது செத்துவிடும். அதனால்தான் நடுவைச் சிவப்பாக விட்டுச் சாப்பிட முடிகிறது. குத்திய துண்டில் அந்தக் கிருமியை ஊசியே உள்ளே தள்ளிவிட்டிருக்கும். கனடாவில் 2014 முதல் இதை உறையில் குறிப்பிடுவது கட்டாயம். அப்படிப்பட்ட துண்டை இந்தக் கட்டுரையில் சொல்லும் பதத்துக்குச் சுட வேண்டாம்.

உப்பு: முதல் நாளே

1.2 கிலோ துண்டுக்கு 12 கிராம் உப்பு. பொடி உப்பானால் தலை தட்டி இரண்டு தேக்கரண்டி. கல்லுப்பு, தூளுப்பு, கோஷர் உப்பு மூன்றும் ஒரே கரண்டியில் வெவ்வேறு எடை காட்டும், எனவே தராசில் நிறுப்பது நல்லது. எல்லாப் பக்கமும், கொழுப்பு ஓரத்திலும் தூவி, ஒரு கம்பித் தட்டின் மேல் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

தூவிய ஐந்து பத்து நிமிடத்தில் மேலே முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். உப்பு உள்ளிருந்து இழுத்த நீர் அது. அந்த நேரத்தில் அடுப்பில் போட்டால் கெட்டது. முதலில் அந்த நீர் ஆவியாக வேண்டும், அதுவரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, முறுகலும் வராது. இன்னும் அரைமணி நேரம் விட்டால் அந்த நீரில் உப்பு கரைந்து, மெல்ல மறுபடி உள்ளே போய்விடும். ஓர் இரவு விட்டால் உள்ளேயும் ருசி இறங்கியிருக்கும், மேல்தோல் தொட்டால் காகிதம்போலக் காய்ந்தும் இருக்கும். அந்த உலர்ச்சிதான் நமக்கு வேண்டும். முதல் நாள் மறந்துவிட்டால் குறைந்தது முக்கால் மணி நேரம் முன்னால் தூவுங்கள். அதற்கும் நேரம் இல்லையா, அடுப்பில் வைக்கும் கணத்தில் தூவுங்கள். இடைப்பட்ட நேரம்தான் கூடாது.

‘சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள்’ என்று பல இடங்களில் எழுதியிருக்கும். 5 செ.மீ. துண்டின் நடுப்பகுதி அந்த ஒரு மணி நேரத்தில் சில டிகிரிதான் ஏறும். நாம் மெதுவாகச் சுடப் போவதால் அதனால் பயனில்லை. ஃபிரிட்ஜிலிருந்து நேராக அடுப்புக்குப் போகலாம்.

மசாலாவில் ஊறவைத்துப் பழகிய கை இங்கே கொஞ்சம் அடங்க வேண்டும். தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள் பூசிய துண்டு மேலே ஈரமாகவே இருக்கும். கடும் தணலுக்கு மேல் போனதும் பூண்டும் மிளகாய்த்தூளும் இறைச்சிக்கு முன்னால் கருகிக் கசந்துவிடும். கோழிக்கு அந்த மசாலா அருமையானது, நல்ல ரிப்-ஐக்குத் தேவையில்லை. காரமும் மணமும் வேண்டுமானால் வெட்டிய பிறகு சேர்க்கலாம். 50 கிராம் வெண்ணெயில் தட்டிய இரண்டு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, கொஞ்சம் கொத்தமல்லித் தழை போட்டு இளஞ்சூட்டில் உருக்கி வைத்துக்கொள்ளுங்கள். மிளகையும் முன்கூட்டித் தூவாமல் இப்படிக் கடைசியில் சேர்த்தால் மணம் முழுசாக நிற்கும்.

அடுப்பு, கரி, காற்று

இந்த உருண்டை அடுப்பு 1952-இல் சிகாகோ பக்கம் வெபர் உலோகப் பட்டறையில் வேலைபார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் செய்தது. அங்கே செய்யப்பட்ட உலோக மிதவையின் பாதியில் கரியைப் போட்டு, மறு பாதியை மூடியாக்கினார். திறந்த அடுப்பில் நெருப்பைக் கட்டுப்படுத்த வழி குறைவு. மூடியும் மேலும் கீழும் காற்றுத் துளைகளும் இருந்தால் அதே கரி அடுப்பு ஓவன்போல ஆகிவிடும். கரி போடும் இஸ்திரிப் பெட்டியைக் கையாண்டவர்களுக்கு இது புதிதல்ல: காற்று கூடினால் கனல் கூடும், துளை அடைபட்டால் தணல் மங்கும்.

கரியில் இரண்டு வகை. மரக்கரித் துண்டுகள் சீக்கிரம் பிடிக்கும், கடுமையாக எரியும், ஆனால் பெரிசும் சிறிசுமாக இருப்பதால் சூடு சீராக இருக்காது, சீக்கிரம் தீர்ந்தும்விடும். அழுத்திச் செய்த பிரிக்கெட் ஒரே அளவு, எண்ணிப் போடலாம், நெடுநேரம் நிற்கும். புதியவர்களுக்குப் பிரிக்கெட்டே சரி. தீப்பற்றும் திரவம் ஏற்கெனவே ஊற்றி வைத்த வகையை மட்டும் வாங்காதீர்கள். பாட்டில் திரவத்தையும் ஊற்றாதீர்கள். அந்த மண்ணெண்ணெய் வாடை மூடி போட்ட அடுப்பில் அப்படியே இறைச்சியில் ஏறும்.

பற்றவைக்கச் சிம்னி வேண்டும். அடியில் கம்பி வலையும் பக்கத்தில் கைப்பிடியும் உள்ள தகர உருளை அது. கரியடுப்புக்காரர் வாங்கும் சாமான்களில் காசுக்கு இதைவிடப் பயனுள்ளது இல்லை. 40 பிரிக்கெட்டைப் போட்டு, அடியில் இரண்டு மெழுகுக் கட்டி பற்றவைத்து, அடுப்பின் கீழ்க் கம்பியிலேயே நிறுத்துங்கள். முதலில் வெள்ளைப் புகை கனமாக வரும், பிறகு அது தெளியும். மேலே உள்ள கரிகளின் ஓரம் சாம்பல் நிறமாகி, இடுக்கு வழியே செம்மை தெரியும்போது தயார். 20 முதல் 25 நிமிடம் ஆகும். அவசரப்பட்டுக் கறுப்புக் கரியைக் கொட்டினால் அது பற்றும் வரை கசப்புப் புகை இறைச்சியில் படியும்.

தணலை அடுப்பின் ஒரு பக்கமாக மட்டும், சுவரோடு ஒட்டிக் குவித்துக் கொட்டுங்கள். மறு பாதி வெறுமையாக இருக்கட்டும். வெறும் பக்கத்தில் ஒரு அலுமினியத் தட்டு வைத்தால் கொழுப்பு அதில் சொட்டும். மேல் கம்பியைப் போட்டு, மூடியின் துளை வெறும் பக்கத்துக்கு மேலே வரும்படி மூடுங்கள். அப்போதுதான் சூடும் புகையும் இறைச்சியைத் தடவிக்கொண்டு வெளியேறும். மேல் துளை முழுக்கத் திறந்திருக்க வேண்டும், கீழ்த் துளை கால்வாசி. மேல் துளையை அடைத்துச் சூட்டைக் குறைக்கப் பார்த்தால் புகை உள்ளேயே தங்கிக் கறையாகப் படியும். சூட்டை எப்போதும் கீழ்த் துளையால் கட்டுப்படுத்துங்கள். பத்து நிமிடத்தில் இறைச்சி இருக்கும் இடத்தில் 110 முதல் 120 டிகிரி, அதாவது ஃபாரன்ஹீட்டில் 230 முதல் 250 வர வேண்டும். மூடியில் பதித்திருக்கும் தெர்மாமீட்டரின் முள், தான் இருக்கும் உயரத்துச் சூட்டைத்தான் காட்டும், கம்பி மட்டத்தில் அது வேறாக இருக்கும். அதை ஒரு குத்துமதிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மரப்புகை மணம் பிடிக்கும் என்றால் ஓக் அல்லது செர்ரி மரத்தில் கைப்பிடி அளவு ஒரே ஒரு கட்டை போதும். தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். ஊறிய கட்டை முதலில் நீராவியைத்தான் விடும்.

கம்பியைச் சுத்தம் செய்ய உலோக முள் தூரிகையை விட, கசக்கிய அலுமினியத் தாளை இடுக்கியால் பிடித்துத் தேய்ப்பது நல்லது. தூரிகையின் முள் உதிர்ந்து கம்பியில் ஒட்டி, உணவோடு தொண்டைக்குள் போய்ச் சிக்கும் அபாயம் உண்டு.

ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும். கரி அடுப்பை ஒருபோதும் வீட்டுக்குள்ளோ, கராஜுக்குள்ளோ, கூடாரத்துக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். மழை வந்தாலும் குளிர் அடித்தாலும் கூடாது, அணையப் போகும் தணலானாலும் கூடாது. கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. சன்னலைத் திறந்துவைப்பது காப்பாற்றாது. உயிர் போயிருக்கிறது.

கண்ணை நம்பாதீர்கள், தெர்மாமீட்டரை நம்புங்கள்

விரலால் அழுத்திப் பார்த்துப் பதம் சொல்வது தினமும் நூறு துண்டு சுடுபவர்களுக்கு வாய்க்கும். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று நொடியில் அளவு காட்டும் குத்து தெர்மாமீட்டர் வேண்டும். பொடித்த பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அதில் வைத்துப் பாருங்கள், 0 காட்ட வேண்டும். 2 டிகிரி தள்ளிக் காட்டினால் அந்த 2 டிகிரியைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். குத்தும்போது மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில், தடிமனின் சரி நடுவுக்கு, எலும்பில் படாமல் செலுத்துங்கள். நுனியை மெல்ல நகர்த்தினால் வரும் மிகக் குறைந்த எண்தான் உண்மையான நடுப்பகுதி.

பதக் கணக்கு, சாப்பிடும் நேரத்தில் நடுப்பகுதிக்கு: ரேர் (குறை வேக்காடு) 50 முதல் 52, மீடியம் ரேர் 54 முதல் 57, மீடியம் (நடுத்தர வேக்காடு) 60 முதல் 63. 70-ஐத் தாண்டினால் வெல்டன் (முழு வேக்காடு). ரிப்-ஐயை ரேரில் எடுக்க நாங்கள் சொல்ல மாட்டோம். அந்தச் சூட்டில் உள்ளே ஓடும் கொழுப்பு சரியாக இளகாமல் மெழுகுபோல வாயில் ஒட்டும். 55, 56 தான் இதற்கு அழகு. அமெரிக்க வேளாண் துறை பாதுகாப்புக்கு வைத்திருக்கும் அளவு 63 டிகிரி, பிறகு 3 நிமிடம் ஆறவிடுவது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களுக்கு 70-க்கு மேல் வேகவைத்தே கொடுங்கள். தட்டில் வடியும் சிவப்பு நீரைப் பார்த்து ரத்தம் என்று ஒதுங்குபவர்கள் உண்டு. அது ரத்தம் அல்ல, தசையில் இருக்கும் மயோகுளோபின் கலந்த நீர்.

முதல் கட்டம்: தள்ளி வைத்து மெதுவாக

துண்டை வெறும் பக்கத்தில், எலும்பு தணலை நோக்கியிருக்கும்படி வையுங்கள். எலும்பு ஒரு சுவர்போல நின்று இறைச்சியைக் காக்கும். மூடிவிட்டு 20 நிமிடம் திறக்காதீர்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் சேர்ந்த சூடு வெளியேறும், கூடவே தணலுக்குக் காற்று கிடைத்து அது தேவைக்கு மேல் எரியும். 20 நிமிடம் கழித்து ஒருமுறை திருப்பி, அளவு பாருங்கள். அதன்பின் 8, 10 நிமிடத்துக்கு ஒருமுறை.

மொத்தம் 40 முதல் 60 நிமிடம் ஆகும். காற்று, குளிர், துண்டின் வடிவம் எல்லாம் இதை மாற்றும். நேரத்தை வைத்து எடுக்காதீர்கள், எண்ணை வைத்து எடுங்கள். வேகம் மந்தமாக இருந்தால் கீழ்த் துளையை அரைவாசிக்குத் திறங்கள். 130-ஐத் தாண்டினால் ஒரு கோடளவுக்குக் குறையுங்கள். துளையை அசைத்தால் பலன் தெரிய ஐந்து நிமிடமாவது ஆகும். அதற்குள் மறுபடி அசைத்தால் சூடு ஊஞ்சலாடும்.

நடுப்பகுதி 40 டிகிரி தொட்டதும் சிம்னியில் இன்னொரு 40 பிரிக்கெட்டைப் பற்றவையுங்கள், இம்முறை கல் தரையிலோ கான்கிரீட்டிலோ நிறுத்தி. பலர் தவறவிடும் படி இதுதான். ஒரு மணி நேரமாக அடங்கி எரிந்த பழைய தணலில் முறுகலுக்கான வலு இருக்காது. அதில் வாட்டப் போனால் நிறம் வரும் வரை வைத்திருந்து, மெதுவாகச் சுட்டுச் சேர்த்ததை எல்லாம் கடைசியில் இழப்பீர்கள்.

48 டிகிரி, ஃபாரன்ஹீட்டில் 118 வந்ததும் துண்டை எடுத்துத் தட்டில் வையுங்கள். பார்க்க மிகச் சுமாராக இருக்கும்: மங்கிய பழுப்பு, முறுகல் எதுவும் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். புதுத் தணல் தயாராகப் பத்து நிமிடம் பிந்தினாலும் பரவாயில்லை. மேற்பரப்பு சற்று ஆறுவதால், வாட்டும்போது உள்ளே அதிகம் ஏறாது.

இரண்டாம் கட்டம்: கடும் தணலில்

மேல் கம்பியைத் தூக்கி, புதுத் தணலைப் பழைய தணலின் மேலேயே கொட்டி, கீழ்த் துளையை முழுக்கத் திறந்து, மூடி இல்லாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். கம்பி நன்றாகக் காய வேண்டும். கம்பிக்கு மேல் கையை நீட்டினால் இரண்டு நொடிகூடத் தாங்க முடியாத சூடு சரியான சூடு.

துண்டைத் தாளால் ஒற்றி, தணலுக்கு நேர் மேலே வையுங்கள். மூடி போட வேண்டாம், மூடினால் உள்ளேயும் வேகும். ஒவ்வொரு பக்கமும் ஒரே முறைதான் திருப்ப வேண்டும் என்ற பழைய விதியை மறந்துவிடுங்கள். 30 முதல் 45 நொடிக்கு ஒருமுறை திருப்புங்கள். ஒரு பக்கம் சூடேறும்போது மறுபக்கம் ஆறுவதால் சாம்பல் பட்டை மெல்லியதாக இருக்கும், நிறமும் சீராக வரும். கம்பிக் கோடு விழுந்த அழகுக்காகக் காத்திருக்காதீர்கள். ருசி இருப்பது கோடுகளுக்கு நடுவில் உள்ள இடம் முழுவதும் பழுப்பேறுவதில். இந்தப் பழுப்பு, 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் விவரித்த வினை: புரதமும் சர்க்கரையும் கடும் சூட்டில் சேர்ந்து புது மணங்களாவது. முதல் நாள் காயவைத்த மேல்தோல் இங்கேதான் கைகொடுக்கிறது. ஈரம் இல்லாததால் வைத்த மறுகணமே சுர்ரென்று பிடிக்கும்.

கொழுப்பு சொட்டிச் சுவாலை எழுந்தால் துண்டை வெறும் பக்கத்துக்கு நகர்த்துங்கள், சில நொடியில் அடங்கும். தண்ணீர் தெளிக்காதீர்கள். சாம்பல் பறந்து இறைச்சியில் ஒட்டும், ஆவி கையைச் சுடும். கடைசியில் இடுக்கியால் நிறுத்திப் பிடித்து, கொழுப்பு ஓரத்தை ஒரு நிமிடம் வாட்டுங்கள். மொத்தம் 3, 4 நிமிடம். நடுப்பகுதி 53 காட்டும்போது எடுத்தால் தட்டில் இன்னும் 2, 3 டிகிரி தானாக ஏறும்.

ஏழு மணிக்குச் சாப்பாடு என்றால் கணக்கு இப்படி வரும்: 5.10-க்குச் சிம்னி, 5.45-க்கு இறைச்சி, 6.25 வாக்கில் இரண்டாம் சிம்னி, 6.50-க்கு வாட்டல். விருந்தினரில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இருந்தால் அவர்களுக்கான கோழி, சோளம், பனீரை 5.45-க்கு முன்பே சுத்தமான கம்பியில், தனி இடுக்கியால் சுட்டு எடுத்துவிடுங்கள். அதற்குச் சிம்னியை ஒரு முக்கால் மணி நேரம் முன்னால் பற்றவைத்து, கரியையும் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வெட்டுவது

மெதுவாகச் சுட்ட துண்டுக்கு நீண்ட ஓய்வு தேவையில்லை, 5 நிமிடம் போதும். அலுமினியத் தாளால் இறுக்கி மூடாதீர்கள், ஆவியில் முறுகல் நமத்துப்போகும். முதலில் எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கி இறைச்சியைத் தனியாக எடுங்கள். பிறகு நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே 1 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். ரிப்-ஐயின் வெளி வளைவில் பிறைபோல ஒரு தனித் தசை இருக்கும், நடுவில் ஒரு கொழுப்புக் கோடு பிரிக்கும். அதன் நார் வேறு பக்கம் ஓடும். அதைக் கையால் பிரித்துத் தனியாக வெட்டுங்கள். முழுத் துண்டிலும் ருசியான பகுதி அதுதான், எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டாவது போய்ச் சேரட்டும். உருக்கிய மிளகு வெண்ணெயை வெட்டிய பக்கத்தில் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பு தூவிப் பரிமாறுங்கள். எலும்பில் ஒட்டியிருக்கும் இறைச்சிக்குப் போட்டி இருக்கும், அதை மறுபடி தணலில் இரண்டு நிமிடம் காட்டிக் கொடுக்கலாம்.

பரிமாறப் போகும் முன் மூடியைப் போட்டு, மேல் கீழ் இரண்டு துளையையும் முழுக்க அடைத்துவிடுங்கள். காற்றில்லாமல் தணல் அணைந்து, எரியாத கரி மிஞ்சும். அடுத்த முறை சாம்பலை உதிர்த்துவிட்டு, புதுக் கரியோடு சிம்னியில் கலந்துகொள்ளலாம். சாம்பலை அன்றைக்கே அள்ளாதீர்கள். மேலே ஆறியிருந்தாலும் அடியில் கங்கு ஒரு நாளுக்கு மேல் உயிரோடு கிடக்கும். இரண்டு நாள் கழித்து, மூடியுள்ள உலோக வாளியில் அள்ளுங்கள். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் நேராகக் கொட்ட வேண்டாம்.